வச்சிரமும் ஜெலட்டினும்: தோலும் எலும்பும் பசையாகும் கதை, படிப்படியாக

சிங்கப்பூரின் கோல்டன் மைல் உணவு நிலையத்தில் சூப் துலாங் என்னும் எலும்புக் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். எலும்பைத் தட்டி, உறிஞ்சி, எழுந்து கை கழுவப் போகும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்பின் எண்ணெய் சோப்புக்குப் போய்விடும். அடியில் இருக்கும் பிசுபிசுப்பு வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால்தான் விடும். அதைத்தான் ஆலைகள் காய்ச்சி, வடித்து, உலர்த்தி, மூட்டை கட்டி விற்கின்றன.

சுத்தமாக எடுத்தால் அதற்கு ஜெலட்டின் என்று பெயர். கொஞ்சம் அழுக்கும் நிறமும் வாடையும் இருந்தால் பசை. நம் தச்சர்கள் அதை வச்சிரம் என்பார்கள். (தேக்கா சந்தையில் விற்கும் வஞ்சிரம் மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் மீன் தோலிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கலாம், அது பின்னால் வரும்.) இரண்டும் ஒரே பொருள்தான். எது எதுவாகிறது என்பதைச் சூடும் பொறுமையும் முடிவு செய்கின்றன.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது ஒரு தவற்றால். சில ஆண்டுகளுக்கு முன் என் வயலினின் அடிப்பலகை ஓரத்தில் விட்டுக்கொண்டது. பயந்துபோய் வீட்டிலிருந்த வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். பழுது பார்ப்பவரிடம் காட்டியபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அது உடைஞ்சு போகலம்மா, திறந்துக்கிச்சு. திறக்கணும்னுதான் அந்தப் பசையைப் போட்டிருக்காங்க" என்றார். மரம் ஈரத்தில் உப்பி, குளிர்சாதன அறையில் சுருங்கும்போது, பலகை பிளப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் சூடும் ஈரமும் காட்டி மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். நான் போட்ட வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்க அவருக்கு அரை நாள் ஆனது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. பச்சைத் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து இழைகள் தனித்தனியாகும். அந்த அவிழ்ந்த இழைகள்தான் ஜெலட்டின். ஆறும்போது அவை பழையபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முழுதாக முடியாமல் அங்கங்கே பின்னிக்கொண்டு வலை மாதிரி ஆகும். வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டால் ஜெல்லி. ஃபிரிட்ஜில் வைத்த ஆட்டுக்கால் பாயா காலையில் கட்டியாக நிற்பது இதனால்தான்.

பசையாகும்போது இதே வேலை மரத்தின் நுண்துளைகளுக்குள் நடக்கிறது. திரவமாக உள்ளே போய், ஆறிக் கட்டியாகி, தண்ணீர் வற்ற வற்றச் சுருங்கி, இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறது.

இந்த இழைகளை அதிகம் சூடாக்கினால் துண்டு துண்டாகிவிடும். துண்டான இழை பின்னிக்கொள்ளாது. அப்படிப்பட்ட ஜெலட்டின் உறையாது, பசை பிடிக்காது. வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கொதிக்க விட்டால் போச்சு.

ஊர் நிலவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெலட்டின் ஜெல்லி ஏறக்குறைய 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். நம் ஊரில் மதியம் அதைவிடச் சூடு. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வாக்கில்தான் உருகும். இந்தப் பக்கத்து வீடுகளில் விசேஷத்துக்கு அகர் அகர் செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஜெலட்டின் இனிப்பு மேசையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கண் கலங்கிவிடும்.

ஆலையில் நடப்பது

சிராங்கூன் பக்கம் ஒரு காலத்தில் மாட்டு வணிகம் கொடிகட்டிப் பறந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு எல்லாம் அதன் மிச்சம். மலாயில் கெர்பாவ் என்றால் எருமை, லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் ரோடு ஒரு கால்நடை வணிகரின் பெயரைச் சுமக்கிறது. பாதிப் பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். கொட்டில்கள் போய்விட்டன. இன்று நம் கைக்கு வருவது பொடியாகவும் தாளாகவும் பொட்டலத்தில் வரும் ஜெலட்டின். பொட்டலத்துக்கு வருமுன் அது கடந்து வரும் வழி இது.

படி 1, மூலப்பொருள். பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு, மீன் தோல். தோல் பதனிடுபவர்கள் மேல் அடுக்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் கீழ் அடுக்கும் ஓரத் துண்டுகளும் இங்கேதான் வரும். எலும்பாக இருந்தால் நொறுக்கி, வெந்நீரில் அலசிக் கொழுப்பை நீக்குவார்கள். கொழுப்பு நின்றால் பசை பிடிக்காது, ஜெலட்டின் கலங்கும்.

படி 2, எலும்புக்கு மட்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாள் ஊறும். எலும்புக்குக் கடினம் தரும் கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியேற, வளையக்கூடிய பஞ்சு போன்ற ஒன்று மிஞ்சும். அதற்கு ஒசீன் என்று பெயர். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பைச் சுத்தமாக்கி, புட்டியில் வினிகர் ஊற்றி அதில் போடுங்கள். அவ்வப்போது வினிகரை மாற்றினால் சில நாளில் எலும்பை ரப்பர் மாதிரி வளைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பாருங்கள், வாடை மட்டும் கொஞ்சம் இருக்கும். ஆலையில் அந்த அமிலக் கரைசலும் வீணாகாது. சுண்ணாம்பு சேர்த்து டைகால்சியம் பாஸ்பேட்டாக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

படி 3, ஊறவைத்தல். இரண்டு வழி இருக்கிறது. பன்றித் தோல் போன்ற இளந்தோல் அமிலத்தில் ஒரு நாள் அளவு ஊறினால் போதும், அதில் வருவது ஏ வகை ஜெலட்டின். மாட்டுத் தோலும் ஒசீனும் கெட்டி. அவற்றைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம் ஊறப்போடுவார்கள். அதில் வருவது பி வகை. வாங்கும்போது ஏ, பி என்று பார்த்தால் அது தரவரிசை என்று நினைத்துவிடாதீர்கள், செய்முறையைத்தான் குறிக்கிறது. மின்னேற்றம் வேறாக இருப்பதால், மற்ற பொருள்களோடு கலக்கும்போது இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மருந்து ஆலைக்காரருக்கு அது முக்கியம், நமக்கு அவ்வளவு இல்லை.

படி 4, காய்ச்சி எடுத்தல். உயிர்நாடி இதுதான். நன்றாகக் கழுவியபின் 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் போட்டுச் சில மணி நேரம் வைத்து, அந்தச் சாற்றை வடித்துவிடுவார்கள். மறுபடி தண்ணீர், இப்போது கொஞ்சம் கூடுதல் சூடு. இப்படிப் பலமுறை. கடைசிச் சுற்று கொதிநிலையை ஒட்டி வரும். தேங்காய்ப் பால் மாதிரியேதான். முதல் பால் வெளுப்பாக, வலுவாக இருக்கும். அது மாத்திரைக் கூடுக்கும் உணவுக்கும் புகைப்படச் சுருளுக்கும் போகும். கடைசிப் பால் பழுப்பாக, வலு குறைந்து வரும். அது பசைக்குப் போகும். ஒரே தோல், ஒரே தொட்டி, சூடு மட்டும் வேறு.

படி 5, உலர்த்துதல். வடிகட்டி, உப்பு நீக்கி, வெற்றிடத்தில் தண்ணீரை வற்றவைத்து, கிருமி சாக ஒரு சில விநாடிகள் மட்டும் கடும் சூடு காட்டி, உடனே குளிர்விப்பார்கள். உறைந்த ஜெலட்டின் இடியாப்பம் பிழிவதுபோல் நூல் நூலாக வெளியே வந்து, ஓடும் பட்டையில் விழுந்து, உலர்ந்த காற்றில் காயும். பிறகு பொடிப்பார்கள். முழுக்கக் காய்ந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு ஈரம் உள்ளேயே இருக்கும்.

ப்ளூம் எண்ணைப் படிப்பது எப்படி

ஜெலட்டின் டப்பாவிலோ பசை மூட்டையிலோ ஒரு எண் இருக்கும். 160, 200, 250 என்று. அதை ப்ளூம் என்பார்கள். ஆஸ்கர் ப்ளூம் என்பவர் இதை அளக்கும் கருவிக்கு 1925-இல் காப்புரிமை பெற்றார். 7.5 கிராம் ஜெலட்டினை 105 கிராம் தண்ணீரில் கரைத்து, 10 டிகிரியில் ஏறத்தாழ 17 மணி நேரம் உறையவைத்து, அரை அங்குல விட்டமுள்ள சிறு உருளையை அதன்மேல் அழுத்துவார்கள். 4 மில்லிமீட்டர் இறங்க எத்தனை கிராம் எடை வேண்டுமோ அதுதான் ப்ளூம் எண். கிட்டத்தட்ட 50-இல் தொடங்கி 300 வரை போகும்.

எண் கூடினால் தரம் கூடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் ஓரளவு சரி. பசைக்கு அப்படிச் சொல்ல முடியாது. எண் கூடக் கூடச் சீக்கிரம் உறைந்துவிடும், மரத்தைப் பொருத்தி நேராக்குவதற்குள் கட்டியாகிவிடும். தச்சு வேலைக்குப் பலரும் 192 என்று போட்ட பசையைத்தான் வாங்குகிறார்கள்.

இலை ஜெலட்டின் வாங்குபவர்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். பிளாட்டினத்துக்கு ப்ளூம் அதிகம், தாள் லேசு. அதனால் ஒரு தாளுக்கு ஒரு தாள் மாற்றினாலும் உறைவது ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். பச்சை அன்னாசியோ பப்பாளியோ போட்டால் எந்த ஜெலட்டினும் உறையாது, அவற்றிலுள்ள நொதி புரதத்தை வெட்டிவிடும். டின்னில் வரும் அன்னாசி வேகவைத்தது, அதனால் பிரச்சினை இல்லை.

வீட்டில் வச்சிரம் காய்ச்சுவது

தோலிலிருந்து தொடங்க ஆசை இருந்தால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். முதல் முறை தேக்காவில் ஆட்டுத் தோல் துண்டுகள் கேட்டு வாங்கி, வெற்றிலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, நான்காம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அடுப்பில் ஏற்றிவிட்டு, போன் பேசப் போய்விட்டேன். பொங்கி, அடிப்பிடித்து, தாழ்வாரம் முழுக்க வாடை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னம்மா, ஆட்டுக்கால் தீஞ்சு போச்சா?" என்று கேட்டார். மிஞ்சியதை மரத்தில் தடவினேன், ஒட்டவில்லை. கொதித்த பசை என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது. பேசாமல் காய்ந்த பசை மணிகளை வாங்குங்கள். கிடைக்கவில்லையா, பேக்கிங் கடையில் சுவையூட்டாத ஜெலட்டின் பொடி வாங்குங்கள். அதுவும் பசைதான், கொஞ்சம் வேகமாக உறையும், அவ்வளவே.

ஊறவைப்பதில் தொடங்குங்கள். எடையில் ஒரு பங்கு பசைக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர். சூடான தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் கரைந்து, நடுவில் கட்டி நிற்கும். பொடி அரை மணியில் உப்பிவிடும். மணிகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் கொடுங்கள். ஊறியபின் ஜவ்வரிசி மாதிரி உப்பி, தண்ணீரையெல்லாம் குடித்திருக்கும்.

சூடாக்க நேரடி அடுப்பு வேண்டாம். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கட்டும். உள்ளே 60 டிகிரி இருந்தால் போதும், 65-ஐத் தாண்ட விடாதீர்கள். நான் இப்போது பயன்படுத்துவது குழந்தைப் பால் புட்டி சூடாக்கும் கருவி. தங்கை மகன் வளர்ந்த பிறகு சும்மா கிடந்தது. அதில் சின்னக் கண்ணாடி ஜாடி கச்சிதமாக உட்காரும், சூடும் ஏறக்குறைய சரியாக நிற்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வைத்து முதல் நாள் சோதித்துக்கொள்ளுங்கள், சில கருவிகள் கூடுதலாகச் சூடேறும்.

பதம் பார்க்க, தூரிகையைத் தூக்குங்கள். பசை இடைவெளியில்லாமல் மெல்லிய தாரையாக விழுந்து, கடைசியில் சொட்டாக வேண்டும். கட்டி கட்டியாக விழுந்தால் கொஞ்சம் வெந்நீர் சேருங்கள். தண்ணீராகக் கொட்டினால் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். இன்னொரு சோதனை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்து ஊதி, மெல்லத் தட்டித் தட்டி எடுங்கள். பாகு காய்ச்சும்போது பார்ப்போமே ஒற்றைக் கம்பிப் பதம், அதேபோல் பஞ்சு இழை இழையாக வரும். வந்தால் பசை தயார்.

ஒட்டும்போது மரத்தை முன்கூட்டியே ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த மரத்தில் பசை தொட்ட இடத்திலேயே உறைந்துவிடும். குளிர்சாதனத்தை அணைத்துவிடுங்கள், மின்விசிறியும் வேண்டாம். நம் ஊரின் வெயில் இந்த ஒரு விஷயத்தில் வரப்பிரசாதம், குளிர்நாட்டுத் தச்சருக்குக் கிடைக்காத கூடுதல் ஒரு நிமிடம் நமக்குக் கிடைக்கும். சிறு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். சில தேய்ப்பில் இழுவை கூடி நின்றுவிடும். அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குக் கவ்வி கூடத் தேவையில்லை. இன்னும் நேரம் வேண்டுமானால் காய்ந்த பசை எடையில் பத்து விழுக்காடு உப்பு சேர்த்துப் பாருங்கள், மெதுவாக உறையும். புட்டியில் திரவமாகவே விற்கும் வச்சிரத்தில் யூரியா கலந்திருப்பதும் இதற்காகத்தான்.

காய்வதில்தான் நம் ஊர் பழிவாங்கும். புத்தகங்கள் ஒரு நாள் என்கின்றன. ஈரப்பதம் எண்பதுக்கு மேல் நிற்கும் ஊரில் நான் இரண்டு நாள் விடுகிறேன். மழைக்காலத்தில் மூன்று. மீந்த பசை வெளியில் இருந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்து நாறும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மேலே பெரிதாக எழுதியும் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது பாயாவுக்குப் போக இருந்தது.

வயலினில் முதல் முறையே கை வைக்காதீர்கள். பழைய நாற்காலிக் கால், உதிரி மரத் துண்டுகள், இவற்றில் பழகுங்கள். ஒட்டியதைத் திறந்தும் பாருங்கள். மெல்லிய கத்தியை வெந்நீரில் முக்கி, இணைப்பில் மெதுவாக நுழைத்தால் விடும்.

தொழில்களில் எங்கெல்லாம்

தீப்பெட்டியைத் திறந்து பாருங்கள். குச்சியின் தலையில் உள்ள மருந்தைப் பிடித்துவைத்திருப்பது விலங்குப் பசைதான். கலக்கும்போது நுரைத்துக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், எரியும்போது தானும் எரிபொருளாகும். வேறு பசைகளால் இந்த இரட்டை வேலையைச் சுலபமாகச் செய்ய முடியவில்லை.

அடுத்து அட்டை. கெட்டி அட்டையில் தாள் சுற்றிய பரிசுப் பெட்டிகள், கெட்டி அட்டைப் புத்தகங்கள். இவற்றைச் செய்யும் எந்திரங்களில் இன்றும் ஜெல்லிப் பசை ஓடுகிறது. சூடாகத் தடவிய சில விநாடியில் பிடித்துக்கொள்ளும், அதே நேரம் தாளைச் சுருங்கவும் விடாது. மூன்கேக் பெட்டியோ தீபாவளி இனிப்புப் பெட்டியோ கையில் வந்தால் மூலையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே எந்தப் பசை என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈரத்துணி வைத்து அமுக்கினால் சில சமயம் தெரிந்துவிடும்.

புகைப்படம் தனி அத்தியாயம். 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசலாம் என்று எழுதினார். அதுவரை ஈரத் தகட்டைத் தயாரித்த கையோடு படம் எடுத்தாக வேண்டும். ஜெலட்டின் வந்தபின் தகட்டை முன்கூட்டியே செய்து பெட்டியில் வைத்துக்கொள்ள முடிந்தது. பின்னால் வந்த சுருள்களும் எக்ஸ்ரே படலங்களும் இதே வழி. வீட்டு அலமாரியில் கறுத்துக் கிடக்கும் பழைய எக்ஸ்ரே மீது இருப்பதும் ஜெலட்டின்தான். ஈரமான கையால் தொட்டால் ஒட்டுவது அதனால்.

மருந்துக் கூடுகள், இரண்டு துண்டாக வரும் கடினக் கூடும் மீன் எண்ணெய் அடைத்த மென் கூடும், பெரும்பாலும் ஜெலட்டின். வயிற்றுச் சூட்டில் கரைந்துவிடும் என்பதே அதன் வசதி. அதே காரணத்தால் காரில் வைத்த மாத்திரைப் புட்டி ஒரே கட்டியாகிவிடும். அறுவைச் சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்த வைக்கும் பஞ்சிலும், பெயின்ட்பால் உருண்டையின் தோலிலும் இதே பொருள்.

நம்பக் கஷ்டமான ஒன்று, செம்பு. மின்பகுப்பில் செம்பைத் தூய்மையாக்கும்போது தொட்டியில் மிகச் சிறிய அளவு பசை சேர்ப்பார்கள். இல்லையென்றால் செம்பு முண்டும் முடிச்சுமாக வளரும். இன்னொன்று, பழைய கதவுக் கண்ணாடியில் இலை இலையாகப் படர்ந்த கோலம். சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் சூடான பசையைப் பூசிக் காயவிட்டால், சுருங்கும்போது அது கண்ணாடியின் மேற்பரப்பையே செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். இந்தப் பசையின் பிடி எவ்வளவு என்று யாராவது சந்தேகப்பட்டால் அந்தக் கதவைக் காட்டலாம்.

உண்பவர்கள் பார்க்க வேண்டியது

சிங்கப்பூரில் ஜெலட்டின் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வியில்தான் முடியும். ஒரே மேசையில் பன்றி சேர்க்காதவர், மாடு சேர்க்காதவர், எதுவுமே சேர்க்காதவர் மூவரும் இருப்பார்கள். பல பொட்டலங்களில் வெறும் ஜெலட்டின் என்று மட்டும் இருக்கும், எந்த விலங்கு என்று இருக்காது.

முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்பது உறுதி. ஆனால் மாடாக இருக்கலாம். நம்மில் பலர் ஹலால் முத்திரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வாங்குகிறோம், மாட்டு ஜெலட்டின் நினைவுக்கே வருவதில்லை. மீன் ஜெலட்டின் இருவருக்கும் பொருந்தும், சைவருக்கு ஆகாது. குளிர்கடல் மீனிலிருந்து வருவது அறைச் சூட்டில் உறையவே உறையாது, திலாப்பியா போன்ற வெப்பநீர் மீனின் தோல் பரவாயில்லை. சைவர்கள் பொட்டலத்தில் போட்டிருக்கும் சேர்க்கைப் பொருள் எண்களைப் பார்க்கலாம்: 406 அகர் அகர், 407 கடற்பாசியிலிருந்து வரும் கராஜினன், 440 பழத்தின் பெக்டின். மாத்திரைக் கூட்டில் ஹெச்பிஎம்சி என்றிருந்தால் அது தாவர இழையிலிருந்து செய்தது. சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள், மாற்று இருந்தால் சொல்வார்கள். கூட்டைப் பிரித்து மருந்தை மட்டும் விழுங்குவதை மட்டும் கேட்காமல் செய்யாதீர்கள், சில மருந்துகள் வயிற்றைத் தாண்டித்தான் கரைய வேண்டும்.

கடைசியாக, பாத்திரம் கழுவுவது. கறை போக்கும் திரவம் எதுவும் வேண்டாம், வெந்நீரில் ஊறவிட்டால் பசை தானாக வந்துவிடும். ஆனால் மீந்த பசையைக் கழுவு தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாயில் போய்க் குளிர்ந்து கட்டியாகிவிடும். பழைய செய்தித்தாளில் ஊற்றி, உறையவிட்டு, மடித்துக் குப்பையில் போடுங்கள். தூரிகையை மட்டும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். மறந்து காயவிட்ட என் தூரிகை இப்போது உளி மாதிரி இருக்கிறது. ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.